முன் அச்சு

ஜூன் 4

மழைக்காரிக்கு,

வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டேன்.

இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. லாரிக்காரர் வாய்வழி வந்தால் வேறு மாதிரி வரும். நேற்று பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, பொண்டாட்டி மேல உள்ள கோவத்த வண்டி மேல காட்டிட்டீங்களா?" என்று கேட்டார். கோபமெல்லாம் இல்லை என்றேன். நம்பவில்லை. மலை மேலே உங்கள் வானிலை நிலையத்துக்குச் சாமான் ஏற்றி வருகிறவர் அவர் ஒருவர்தான், அங்கே கைபேசியும் எடுக்காது. அதனால் இந்தக் கடிதமும் அவர் சட்டைப்பையில்தான் வரும். பிரித்துப் படிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

உன்னைக் கொண்டுவந்து விட்ட நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நிலையத்துக்குக் கீழே கடைசி வளைவு. சேறு. பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றின. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தேன், நீ பின்னால் நின்று தள்ளினாய். பிறகு சேறு வழிகிற முகத்தோடு என் ஜன்னலுக்கு வந்து சொன்னாய்:

"ரெண்டுதான் இழுக்குது. மத்த ரெண்டும் சும்மா கூட உருண்டு வருது. இப்படியே எவ்வளவு தூரம் போறது?"

பெட்டியை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போய்விட்டாய்.

நீ சொன்னது சரி. இந்த வண்டியில் எஞ்சினின் இழுப்பு முழுக்கப் பின்சக்கரத்துக்குத்தான். முன்சக்கரம் வழி காட்டும், உருளும், அவ்வளவுதான். பழைய வண்டி, அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் மாற்ற முடியும். கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு பெட்டி ஒட்ட வேண்டும், இழுப்பைப் பிரித்து முன்னுக்கும் பின்னுக்கும் அனுப்புகிற பெட்டி. பழைய இரும்புக் கடையில் ஒன்று கிடைத்துவிட்டது. அதிலிருந்து முன்னால் போகிற தண்டு வலப்பக்கமாக வெளியே வருகிறது. இனி வேண்டியது முன் அச்சு மட்டும். சும்மா அச்சு இல்லை. அதில் ஒரு பக்கமாகப் பெரிய இரும்பு உருண்டை வீங்கியிருக்கும், உள்ளே பல்சக்கரங்கள். தண்டு வந்து அதில்தான் சேரும். அதனால் அந்த உருண்டையும் வலப்பக்கமே இருக்க வேண்டும்.

உங்கள் கொட்டகையில் ஓடாத ஜீப் ஒன்று நிற்கிறது என்றாயே. அது நாலு சக்கரமும் இழுக்கிற ஜாதி. அதன் முன் அச்சில் உருண்டை எந்தப் பக்கம்? பார்த்து எழுது. உங்கள் மேலாளர் கொடுப்பாரா என்றும் கேள்.

ஜூலை முடிவதற்குள் நீ அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு நினைவிருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டு அங்கேயா, கீழே வருவதா. அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. உன் இஷ்டம். அதற்குள் வண்டி ஏறும்.

நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று அக்கா கேட்கச் சொன்னாள். இன்னொன்றும் சொன்னாள். அதை எழுதவில்லை.

கடைசல்காரன்


ஜூன் 9

கடைசல்காரனுக்கு,

லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நின்றபடியே வாசித்தேன். முதலில் சிரித்தேன். லாரிக்காரர், "நல்ல சேதியாம்மா?" என்றார். தெரியவில்லை என்றேன்.

நான் அன்றைக்கு வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

இந்த வரியை எழுதிவிட்டு நிறுத்தினேன். போய் அளவு எடுத்துவிட்டு வந்தேன். வெப்பம், ஈரம், காற்றழுத்தம். வந்து பார்த்தால் அந்த வரி அவ்வளவு உறுதியாக இல்லை. சேறு உண்மை. சக்கரம் சுற்றியது உண்மை. என் கால் முழங்கால்வரை புதைந்திருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டிருக்கிற ஒருத்தி வண்டியைப் பற்றிப் பேசுவதுதான் முறை. வாய் என்னுடையது, சொல் என்னுடையது. எதைப் பார்த்துச் சொன்னேன் என்று இப்போது கேட்டால் கை விரிக்கிறேன்.

இங்கே எனக்கு இரண்டு அறை. ஒன்றில் கருவிகள் தூங்குகின்றன, ஒன்றில் நான். தகரக் கூரை. மழை பெய்தால் பேச முடியாது, ஆகவே யாரும் தவறாகப் பேசுவதும் இல்லை. சன்னலுக்கு வெளியே வெள்ளையடித்த மரப்பெட்டிகள், காற்றுக்குத் திரும்புகிற கிண்ணங்கள். மேலாளர் நல்லவர். ஜீப்பைப் பற்றிக் கேட்டதும், "தாராளமா எடுத்துக்கச் சொல்லுங்க. இப்போதைக்கு அதுல எலிதான் குடும்பம் நடத்துது. நம்மளவிட ஒத்துமையா," என்றார். அவர் மனைவியும் வேறு ஊரில்.

குனிந்து பார்த்தேன். உருண்டை வலப்பக்கம்.

அச்சைக் கழற்றி லாரியில் ஏற்ற ஆள் இருக்கிறார்களாம்.

"உன் இஷ்டம்" என்று எழுதியிருக்கிறாய். வீட்டு வாசலிலும் அதையேதான் சொன்னாய். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று நீ யோசித்ததுண்டா? கதவைத் திறந்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிற மாதிரி இருக்கிறது. போகலாம் என்றும் படிக்கலாம், போய்த் தொலை என்றும் படிக்கலாம்.

உன் அக்கா சொன்ன அந்த இன்னொன்று என்ன? எழுத விருப்பமில்லை என்றால், எழுதவில்லை என்பதையும் எழுதாதே.

மழைக்காரி


ஜூன் 20

மழைக்காரிக்கு,

அச்சு வந்து சேர்ந்தது. நன்றி. உருண்டை இடப்பக்கம்.

நீ வலம் என்று எழுதினாய். கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். வலம் என்றுதான் இருக்கிறது. நானும் பட்டறை வெல்டரும் அச்சைத் தரையில் போட்டு இந்தப் பக்கம் நின்று பார்த்தோம், அந்தப் பக்கம் நின்று பார்த்தோம். எப்படிப் பார்த்தாலும் வண்டியில் மாட்டினால் அது இடம்தான். அவ்வளவு பெரிய இரும்பை மலையிலிருந்து இறக்கிய பிறகு. நான் கோபமாக எழுதக் கூடாது என்று நினைத்து ஒரு நாள் விட்டுத்தான் எழுதுகிறேன். இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

வண்டியைப் பற்றிச் சொல்லவில்லை என்றால் வேறு எதைப் பற்றி? இதை வெல்டரிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. முகமூடியைத் தூக்கிக்கொண்டு சிரித்தான். "டேய், உம் பொண்டாட்டி உன்னச் சொல்லியிருக்காடா. நீ என்னடான்னா வண்டிக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்க!"

அன்று மாலை பட்டறையைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தேன். நிறுத்திவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் முன்பக்கம் முழுக்கக் கழற்றியாகிவிட்டது. பழைய அச்சை வெட்டியும் ஆகிவிட்டது. இப்போது நிறுத்தினால் அது இரண்டு சக்கர வண்டியும் இல்லை, நாலு சக்கர வண்டியும் இல்லை. மேலும், நீயே உறுதியாகச் சொல்லவில்லையே. வண்டியாகவும் இருக்கலாம் என்கிறாய். வண்டியாக இருந்தால் என்னால் ஏதாவது செய்ய முடியும்.

இடம் வலமாவதற்கு வழி கண்டுபிடித்தோம். அச்சைத் தலைகீழாகப் புரட்டிவிட்டால் உருண்டை வலப்பக்கம் வந்துவிடுகிறது. சக்கரம் மாட்டுகிற முனைகளை மட்டும் வெட்டி, நிமிர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். வெல்டர் முனகிக்கொண்டே ஒட்டிவிட்டான். ஒட்டு அழகாக வந்திருக்கிறது.

அக்கா சொன்னது இதுதான்: "அவ மேல போய் மழைய அளக்குறா. நீ கீழ உக்காந்து சேத்த அளக்குற. நல்ல ஜோடி."

எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

கடைசல்காரன்


ஜூன் 26

கடைசல்காரனுக்கு,

வலம்தான்.

நான் அந்த ஜீப்புக்கு எதிரே மண்டியிட்டுப் பார்த்தேன். அது என்னைப் பார்த்தபடி நின்றது. உருண்டை என் வலக்கைப் பக்கம் இருந்தது. வேறு எப்படி எழுதுவது? எதிரே வருகிற ஒன்றை நான் அதன் முதுகுக்குள் புகுந்தா பார்க்க முடியும்?

இங்கே எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். மேற்கிலிருந்து வந்தால் மேற்குக் காற்று. அது எந்தப் பக்கம் போகிறது என்று நாங்கள் எழுதுவதே இல்லை. வந்த திசைதான் அதன் பெயர். நீ ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பழகியவன், உனக்குப் போகிற திசைதான் திசை. இதைத் திருமணத்துக்கு முன்பே யாராவது நம்மிடம் சொல்லியிருக்கலாம்.

கோபத்தை ஒரு நாள் தள்ளி எழுதியதாக எழுதியிருக்கிறாய். அந்த ஒரு நாள் கோபத்தை எங்கே வைத்தாய்? எனக்கு அதைப் படிக்க ஆசையாக இருந்தது. நிஜமாக.

போகிற திசைதான் உனக்கு முக்கியம் என்றால் ஒன்று கேட்கிறேன். வண்டி இந்த மலை ஏறிவிடுகிறது என்று வை. வாசலில் வந்து நிற்கிறது. நீ இறங்குகிறாய். பிறகு? என்னைக் கூட்டிப்போக வந்தாயா? இல்லை, நீ இங்கே இருக்க வந்தாயா? இரண்டில் எதற்காக இத்தனை இரும்பு?

அலுவலகத்துக்கு இன்னும் சொல்லவில்லை. தினமும் காலையில் ரேடியோவில் அளவுகளைப் படித்து முடித்ததும், "வேறு ஏதாவது?" என்று அந்த முனையில் கேட்பார்கள். அது வழக்கமான கேள்விதான். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று சொல்லிக் கருவியை அணைக்கிறேன்.

மழைக்காரி


ஜூலை 5

மழைக்காரிக்கு,

நேற்று ஓட்டிப் பார்த்தோம். என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுத முயல்கிறேன்.

பட்டறைக்குப் பின்னால் காலி மனை. பக்கத்து டயர்க் கடைக்காரர், அவர் கடைக்கு வந்தவர்கள், அக்கா, எல்லோரும் நின்றார்கள். நான் கூப்பிடவில்லை. வண்டியைக் கிளப்பினேன். இரண்டு சக்கர இழுப்பில் நன்றாகவே போனது. நிறுத்தி, புது லீவரைத் தள்ளி, நாலுக்கு மாற்றினேன். கிளட்சை விட்டேன்.

பின்சக்கரம் முன்னே போகப் பார்த்தது. முன்சக்கரம் பின்னே வரப் பார்த்தது.

வண்டி எங்கேயும் போகவில்லை. நடுவில் விம்மிக்கொண்டு நின்று, ஊசி போட்ட மாட்டைப் போல நடுங்கியது. நாலு சக்கரமும் மண்ணை வாரி ஒன்றின் மேல் ஒன்று இறைத்தன. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. இன்னும் கொஞ்சம் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன், அழுத்தினால் சரியாகிவிடும் என்பது போல.

"நிறுத்துடா டேய்! வண்டி தன்னையே மெல்லுதுடா!" என்று வெல்டர் கத்தினான்.

"போறதா வர்றதா, ஏதாவது ஒரு முடிவுக்கு வாங்கப்பா," என்றார் டயர்க் கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். இறங்கிய பிறகு நானும் சிரித்தேன் என்று வெல்டர் சொல்கிறான். எனக்கு நினைவில்லை.

காரணம் இன்று காலைதான் பிடிபட்டது. அச்சைப் புரட்டினால் பக்கம் மட்டும் மாறாது, சுழலும் திசையும் மாறிவிடும். காகிதத்தில் வரைந்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது தெரியவில்லை. அக்கா சோற்றைப் போட்டுக்கொண்டே, "அவ சொன்னத நீ தலைகீழாப் புரிஞ்சுக்கிறது என்ன புதுசா?" என்றாள்.

இனி அச்சை மறுபடி நிமிர்த்த வேண்டும். ஒட்டியதை வெட்ட வேண்டும். உருண்டை அதன் சொந்த இடப்பக்கத்திலேயே இருக்கட்டும். அதற்கு இடப்பக்கம் தண்டு வருகிற பெட்டி வேண்டும், அந்த ஜீப்பிலேயே அது இருக்கும். முதலிலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும். அனுப்ப முடியுமா?

உன் கேள்விக்குப் பதில். வந்து சேர்கிற வரைக்கும்தான் யோசித்திருக்கிறேன். கடைசி வளைவு, சேறு, அதைத் தாண்டுவது, உங்கள் வாசல். அங்கே வண்டியை நிறுத்துவதுவரை எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினை அணைப்பேனா மாட்டேனா என்பதுகூட.

கடைசல்காரன்


ஜூலை 11

கடைசல்காரனுக்கு,

பெட்டி லாரியில் வருகிறது. நான், மேலாளர், லாரிக்காரர் மூவருமாகக் கழற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்து ஒன்றும் அசையவில்லை. மேலாளர் மண்ணெண்ணெயை ஊற்றிவிட்டு, "காத்திருக்கணும். எல்லாத்துக்கும் ஊறணும்," என்றார். லாரிக்காரர் காத்திருக்கவில்லை. கம்பியைச் செருகி ஏறி மிதித்தார். கழன்றது. எலிக் குடும்பம் கலைந்து போனது. என் நகக்கண்ணில் இன்னும் கிரீஸ், இந்தத் தாளிலும் பட்டிருக்கும்.

வண்டி தன்னையே மென்ற கதையை மேலாளருக்கு வாசித்துக் காட்டினேன். தும்மும்வரை சிரித்தார். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். நீ இன்னும் அழுத்தினாய் என்ற இடத்தில். எனக்கு உன் முகம் தெரிந்தது.

வந்து சேர்வதுவரைதான் தெரிகிறது என்று எழுதியது பிடித்தது. பொய்யில்லாமல் இருக்கிறது. ஆனால் போதாது.

இப்போது நான் சொல்கிறேன், கேள். இந்த வேலைக்குத் தாள் வந்த அன்று, அடுப்படியில், "எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். நீ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாய். "உன் இஷ்டம்." வீடு மாறலாமா என்றபோதும் அதுதான். குழந்தை இப்போது வேண்டாமே என்றபோதும் அதுதான். எல்லோரும் என்னிடம் சொல்வார்கள், குடுத்து வச்சவ, தங்கமான மனுசன், எதுக்கும் குறுக்கே நிக்க மாட்டான். உண்மைதான். குறுக்கே நீ நின்றதே இல்லை. கூடவும் நிற்கிறாயா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முடிவையும் நான் ஒருத்தியே எடுத்து, அது சரியா தப்பா என்று நான் ஒருத்தியே விழித்துக்கொண்டிருந்து, காலையில் நீ எழுந்து, "சரி, போலாமா?" என்பாய்.

அன்றைக்குச் சேற்றில் நின்று எதைச் சொன்னேன் என்று கேட்டாய். இரண்டையும்தான் சொல்லியிருக்கிறேன் போல. வண்டி மாட்டியது, வாய் திறந்தது, உள்ளே இருந்தது வெளியே வந்தது.

உனக்கு என்ன வேண்டும் என்று எழுது. எனக்கு எது நல்லது என்று வேண்டாம். உனக்கு.

ஜூலையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மழைக்காரி


ஜூலை 21

மழைக்காரிக்கு,

வண்டி ஓடுகிறது. நாலும் ஒரே பக்கம் இழுக்கின்றன.

ஆனால் புதுச் சிக்கல். காலி மனையில், மண்ணில், பிரமாதம். சிமெண்ட் ரோட்டில் ஏற்றித் திருப்பினால் ஸ்டீயரிங் முறுக்குகிறது, டயர் அலறுகிறது, உள்ளே ஏதோ இறுகி இறுகிப் பட்டென்று விடுகிறது. நான் மறுபடி ஏதோ தப்பாக மாட்டிவிட்டேன் என்று நினைத்து எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தேன். தப்பு இல்லை. அதன் சுபாவமே அப்படி. திரும்பும்போது முன்சக்கரம் பெரிய வட்டம் போகிறது, பின்சக்கரம் சின்ன வட்டம். சேற்றில் என்றால் கொஞ்சம் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும். கெட்டித் தரையில் சறுக்க வழியில்லை.

வெல்டர் பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னான். "சேத்துல ஒத்துமையாப் போகும். நல்ல ரோட்டுல சண்டை போடும். இந்த மாதிரி ரெண்டு பேர எனக்குத் தெரியும்."

நான் கோபப்பட்டேன். நீ படிக்க ஆசைப்பட்டாயே, அதனால் எழுதுகிறேன். ஸ்பேனரை எறிந்தேன். அவன் மேல் இல்லை, சுவரில். அவன் எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, "இப்பத்தான்டா உசுரோட இருக்க," என்றான்.

எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். பத்து நாளாக யோசிக்கிறேன். பட்டறைக்கு யார் வந்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, "என்ன அளவு?" சொன்ன அளவுக்குக் கடைந்து கொடுப்பேன். மயிரிழை பிசகாது. அதுதான் எனக்குத் தெரிந்த நல்ல குணம். வீட்டிலும் அதையே செய்தேன் என்று நினைக்கிறேன். உன் அளவைக் கேட்டேன். நீ சொன்னாய். கடைந்து கொடுத்தேன். அது உனக்கு ஆள் இல்லாத மாதிரி இருந்தது என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது தப்பிப்பதற்காக இல்லை. இப்போதும் பாதிதான் புரிகிறது.

பதில் இன்னும் எழுதவில்லை, தெரியும். மூன்று தாளைக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் கடைசியில் அந்தச் சொல்லே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

கடைசல்காரன்


ஜூலை 26

மழைக்காரிக்கு,

நேற்று வந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. மதியம் பட்டறையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன். பாதி வழியில் தூறல். கடைசி வளைவில் சேறு அன்றைக்கு இருந்ததைவிட மோசமாக இருந்தது. நிறுத்தி, லீவரைத் தள்ளினேன். ஏறியது. அவ்வளவுதான். இத்தனை நாள் பாடுபட்டது இந்த ஒரு சொல்லை எழுதுவதற்காக, எழுதும்போது அதில் ஒன்றுமே இல்லை. சக்கரம் ஒருமுறைகூட வீணாகச் சுற்றவில்லை. யாரும் பின்னால் தள்ளவில்லை.

உங்கள் வாசலுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிட்டேன். வேலிக்கு அப்பால் நீ தெரிந்தாய். பெரிய மழைக்கோட்டு, உன்னுடையது இல்லை. மழைமானியிலிருந்து கண்ணாடிக் குழாயை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாய். உதடு அசைந்தது, அளவைப் படித்தாய் போல. விரலால் ஒரு தட்டு. மறுபடி பார்த்தாய். பிறகு அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றினாய், மெதுவாக, ஒருவருக்குக் கொடுப்பது போல. நான் உன்னை அடுப்படியில் பார்த்திருக்கிறேன், பஸ்ஸில் பார்த்திருக்கிறேன், தூங்கும்போது பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. நீ எதையும் தேடாமல் இருந்தாய்.

திரும்பிவிட்டேன்.

பயந்து இல்லை. பயமும் இருந்தது. ஆனால் இறங்கி வந்திருந்தால் நான் நினைத்து வந்ததைச் சொல்லியிருக்க மாட்டேன். உன் முகத்தைப் பார்த்ததும், "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்றுதான் வாயில் வந்திருக்கும். என்னை எனக்குத் தெரியும். அதனால் இங்கே பட்டறையில், கதவைச் சாத்திக்கொண்டு, எழுதுகிறேன்.

நீ கீழே வர வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

நியாயமான காரணம் ஒன்றும் இல்லை. வீட்டில் ஆள் இல்லை. அக்கா இருக்கிறாள், அது வேறு. இரவு சோற்றுக்கு உட்கார்ந்தால் அன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆள் இல்லை. உன் பக்கத்துத் தலையணையில் நான் போல்ட்டுகளைக் காய வைத்திருக்கிறேன். நீ மேலே நன்றாக இருக்கிறாய் என்று நேற்று கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் இதையேதான் வேண்டுகிறேன். அது தப்பா என்று தெரியவில்லை. தப்பாகவே இருந்தாலும் இதுதான் என் அளவு.

கடைசல்காரன்


ஜூலை 30

அன்புள்ள கடைசல்காரனுக்கு,

நான் உன்னைப் பார்க்கவில்லை. வண்டிச் சத்தம் கேட்டது, தகரத்தில் விழுகிற தூறல் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில்தான் வாசலுக்கு வெளியே தடத்தைப் பார்த்தேன். வந்து, நின்று, வளைத்துத் திருப்பிய தடம். மேலாளர் இடுப்பில் கை வைத்து நின்று, "யாரோ வழி தவறி வந்திருக்காங்க. வந்தவங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போமே," என்றார். டயர் நம் வண்டியுடையது என்று எனக்குத் தெரிந்தது. ஏன் தெரிந்தது என்று தெரியவில்லை, நான் ஒருநாளும் அதைக் கவனித்துப் பார்த்தவள் இல்லை. அன்று முழுக்க உன் மேல் அவ்வளவு கோபம். பிறகு உன் கடிதம் வந்தது.

வாசித்துவிட்டு வெளியே போய் நின்றேன். நனைந்தேன். மறுபடி வந்து வாசித்தேன். தலையணையும் போல்ட்டும் வருகிற இடத்தில் அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியாத ஒன்று வந்தது.

இன்று காலை அளவுகளைப் படித்து முடித்தேன். "வேறு ஏதாவது?" என்றார்கள். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு ஆண்டு.

ஆம். நீ கேட்ட பிறகு. நீ கேட்டதற்கு எதிராக.

இதை எப்படி உனக்கு விளக்குவது என்று தெரியாமல் காலையிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிறேன். உன் கடிதம் வந்திராவிட்டாலும் இதையேதான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அப்போது யாரும் இல்லாத வீட்டில் பேசுகிற மாதிரி இருந்திருக்கும். இப்போது ஒருவரிடம் இல்லை என்று சொல்கிறேன். உனக்கு வலிக்கும் என்று தெரிந்து சொல்கிறேன். எனக்கும் வலிக்கிறது, அது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. நீ வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. சரியான பொருள் என்ன என்று கேட்டால், இன்னும் எழுதத் தெரியவில்லை. நீ பார்த்தாயே, நான் எதையும் தேடாமல் நின்றேன் என்று. அது உண்மை. அந்தக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடிக்கிற நேரத்தில் மட்டும் அப்படி. அதை விட்டுவிட்டு வந்தால் உன்னிடம் வந்து சேர்கிறவள் யாராக இருப்பாள் என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

கோபப்படு. சுவரில் எதையாவது எறி. "சரி" என்று மட்டும் எழுதி அனுப்பாதே.

இல்லை, எழுதவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வா. கூட்டிப்போக வேண்டாம், தங்கிவிடவும் வேண்டாம். சாப்பிட வா. வாசலுக்கு வெளியே நின்று திரும்பாமல், உள்ளே கொண்டுவந்து நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கு. இருட்டுவதற்குள் இறங்க வேண்டியிருக்கும், ஆகவே சீக்கிரம் வா. அடுத்த ஞாயிறு என்ன என்பதை அடுத்த ஞாயிறு பார்ப்போம்.

இங்கே உப்பு தீர்ந்துவிட்டது. வரும்போது வாங்கி வா. கல் உப்பு. தூள் இந்த ஈரத்தில் கட்டியாகிவிடுகிறது.

மழைக்காரி